நேற்றைய நடையே அளவுகோல்

முதுமையில் துலங்கல் வேகத்தையும் கால் லாவகத்தையும் அளத்தல்: ஒஸ்லோ, பியோர்ண்டாலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்



முதுமையும் உடல்நலமும் பற்றிப் பொதுவாகப் பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம் என்பதால், ஒரேயொரு கேள்விக்குள் நின்றுகொள்ள அனுமதி கேட்டேன். ஒரு சத்தம் கேட்டதும், ஒரு வெளிச்சம் கண்டதும், கால் சற்று வழுக்கியதும் நம் உடல் எவ்வளவு விரைவாகத் துலங்குகிறது? எவ்வளவு லாவகமாகத் திரும்புகிறது? வயது ஏறஏற அந்த வேகத்தை எப்படி அளப்பது, அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்வியை இங்கே கேட்பதற்குக் காரணம் உண்டு. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அன்ரனி இராஜேந்திரம் என்ற தமிழர் நோர்வே வந்தார். அவருக்குப் பின் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் மாணவராக வந்தவர்கள், அதன்பின் அகதியாக வந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தார்கள். அங்கே கையின் வேகம்தான் சம்பளத்தைக் கூட்டியது. பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்கிலும், தெற்கே ஹொல்ம்லியா, மோர்ட்டென்ஸ்ரூட், இந்தப் பியோர்ண்டால் பகுதிகளிலும் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அன்று இருபத்தைந்து வயது இளைஞர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். நோர்வேயில் ஒரு தமிழ்த் தலைமுறை முழுவதும் சேர்ந்து முதுமைக்குள் போவது இதுவே முதல்முறை. முன்னே போனவர்கள் இல்லாததால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை.

இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஒரு முதியவரின் வேகத்தை அட்டவணையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒப்பிட்டால் கிடைக்கும் அறிவு கொஞ்சம். அதே முதியவரின் சென்ற ஆண்டு வேகத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் அறிவு மிகப் பெரிது. ஆகவே முதல் விழுகைக்குப் பிறகு அளக்கக் கூடாது. விழாமல் நன்றாக நடக்கும் அறுபதிலேயே அளந்து எழுதிவைக்கத் தொடங்கவேண்டும். இதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. அளத்தலின் பிறப்பிலேயே இருந்த பிழை

நரம்பில் செய்தி ஓடுவதற்கு நேரமே ஆகாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1850இல் ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் ஒரு தவளையின் கால் நரம்பை எடுத்து அளந்து, செய்தி செக்கனுக்கு முப்பது மீற்றருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில்தான் ஓடுகிறது என்று காட்டினார். நினைத்ததைவிட மிக மெதுவான ஓட்டம் அது. 1868இல் நெதர்லாந்தின் டொண்டர்ஸ் அடுத்த படியை வைத்தார். ஒரு வெளிச்சம், ஒரு பொத்தான் என்றால் ஆகும் நேரம் ஒன்று. இரண்டு வெளிச்சம், இரண்டு பொத்தான் என்றால் ஆகும் நேரம் அதைவிட அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனம் தெரிவு செய்ய எடுத்துக்கொண்ட நேரம். எளிய கழித்தல் கணக்குத்தான், ஆனால் எண்ணத்துக்கே நேரம் குறித்த கணக்கு அது.

பின்னர் 1884இல் இலண்டன் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்ற்றன் ஓர் அளவைக் கூடம் திறந்தார். மூன்று பென்னி கொடுத்தவருக்குப் பார்வை, கேள்வி, கைப்பிடி வலு, கையால் குத்தும் வேகம் எல்லாவற்றையும் அளந்து சீட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானோர் அளந்துகொண்டார்கள். கருவிகள் நல்லவை, எண்ணிக்கையும் பெரிது. ஆனால் ஒவ்வொருவரையும் ஒருமுறை அளந்து, மற்றவர்களோடு வரிசைப்படுத்தி, யார் மேல், யார் கீழ் என்று பார்ப்பதே அந்த முயற்சியின் உள்நோக்கமாக இருந்தது. மனிதருக்குப் பிறப்பிலேயே தரம் உண்டு என்று நம்பி, அந்த நம்பிக்கைக்கு ஒரு துறையின் பெயரையே சூட்டியவர் கால்ற்றன். அந்த நோக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம். ஆனால் ஒருமுறை அளந்து பக்கத்து ஆளோடு ஒப்பிடும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. நான் மறுக்க வந்தது அந்தப் பழக்கத்தை.

2. வயதில் தளர்வது எது?

"எனக்குக் கை மெத்தனமாகிவிட்டது" என்று மூத்தோர் சொல்வார்கள். பெரும்பாலும் தளர்ந்தது கை இல்லை.

எளிய துலங்கல், அதாவது ஒரு வெளிச்சம் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்துவது, இளைஞருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிசெக்கன் எடுக்கும். சத்தத்துக்கு அதைவிடக் குறைவு. வயதோடு இது கூடுகிறது, ஆனால் கொஞ்சமாகத்தான். நரம்பின் ஓட்ட வேகமும் சிறிதளவே குறைகிறது. தெளிவாகக் கூடுவது தெரிவு நேரம்: இரண்டு, மூன்று வழிகளுள் ஒன்றை எடுத்து மற்றவற்றை அடக்கும் நேரம். அதோடு இன்னொன்றும் கூடுகிறது. ஒரே ஆளை வைத்து ஒரே சோதனையை இருபது முறை செய்தால், இளைஞரின் நேரங்கள் நெருக்கமாக நிற்கும். முதியவரின் நேரங்கள் சிதறும், இடையிடையே ஒரு நீண்ட தாமதம் விழும். சராசரியை மட்டும் எழுதி வைப்பவர் அந்தச் சிதறலை இழந்துவிடுவார். விழுகை நேர்வது அந்த ஒரு நீண்ட தாமதத்தில்தான்.

மூன்றாவது, தசை. வேகமாகச் சுருங்கும் தசையிழைகள் முதலில் மெலிகின்றன. ஆகவே தூக்கும் வலுவைவிட விரைந்து உந்தும் ஆற்றல் முன்னதாகக் குறைகிறது. அரிசி மூட்டையை இன்னமும் தூக்கும் ஓர் ஐயா, கதிரையிலிருந்து சட்டென எழும்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம் இது.

அறிவதும், தெரிவு செய்வதும், அசைவதும் வெவ்வேறு வேகத்தில் தளர்வதால் மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்துவிடக் கூடாது. இதற்கு நல்ல சான்று பக்கத்து நாட்டில் இருக்கிறது. 1997இல் சுவீடனின் உமெயோ நகரில் லுண்டின் ஒல்சொனும் உடனாய்வாளரும் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். இதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நடக்கவும் யோசிக்கவும் ஒரே நேரத்தில் மூளையில் இடமில்லை என்பதைத்தான் அந்த நிறுத்தம் காட்டியது. உங்கள் அப்பாவோடு நடக்கும்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் நின்று பதில் சொல்லத் தொடங்கியிருந்தால், அதை மரியாதையான பழக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல் குறித்து வையுங்கள்.

3. ஒரு விழுகையின் நேரக் கணக்கு

உலகில் இடுப்பெலும்பு முறிவு மிகுந்த நாடுகளுள் நோர்வே முன்வரிசையில் நிற்கிறது. ஒஸ்லோவில் பதிவான விகிதம் நெடுங்காலம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 முறிவுகள். பனிக்கட்டி மட்டும் காரணம் என்று எண்ணவேண்டாம். வீட்டுக்குள்ளே, சமதரையில் விழுந்து முறிவோர் மிகுதி.

பக்கவாட்டில் சரியும் ஒருவரின் இடுப்பு தரையைத் தொட ஏறத்தாழ 0.7 செக்கன் ஆகும். அதற்குள் சரிகிறோம் என்று உள்ளங்கால் உணரவேண்டும், எந்தக் காலை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவாகவேண்டும், அந்தக் கால் எழுந்து ஊன்றி முழு உடலையும் தாங்கவேண்டும். இதில் 0.1 செக்கன் போனாலும் பெரிய இழப்பு. சிட்னியில் ஸ்ரீபன் லோர்ட் குழுவினர் 2001இல் இதற்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தரையில் உள்ள பலகைகளுள் எது ஒளிர்கிறதோ அதில் காலை வைக்கவேண்டும். விழுகை வரலாறு உள்ளவர்கள் அதில் தாமதமானார்கள். விரலின் வேகத்தைவிடக் காலின் தெரிவு வேகமே விழுகைக்கு நெருக்கமான அளவு என்று நான் கருதுவதற்கு இது ஓர் ஆதாரம்.

இந்தப் பகுதியில் வாழ்வோருக்கு இது புத்தகச் செய்தி இல்லை. பியோர்ண்டாலில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. சுரங்க ரயில் மோர்ட்டென்ஸ்ரூட்டோடு நின்றுவிடுகிறது, அதற்கப்பால் பஸ். இருக்கைக்குப் போய்ச் சேருவதற்குள் பஸ் புறப்படும் அந்தக் கணம் ஒரு துலங்கல் சோதனைதான். டிசம்பரில் பகல் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். மங்கலான வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு தெரியத் தாமதமாகும்போது மற்ற எல்லாமும் தாமதமாகின்றன.

4. காலை அளக்கும் எளிய முறைகள்

ஆய்வுகூடம் இல்லாமலே அளக்கலாம். உலகம் முழுவதும் வழக்கில் உள்ளவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1994இல் அமெரிக்காவில் ஜாக் குரால்னிக்கும் உடனாய்வாளரும் வெளியிட்ட தொகுப்பில் மூன்று பகுதி: பாதங்களை மூன்று விதமாக வைத்து ஒவ்வொன்றிலும் பத்துச் செக்கன் நிற்றல், ஒரு சிறு தூரத்தை (இன்றைய வழக்கில் நான்கு மீற்றரை) வழக்கமான வேகத்தில் நடத்தல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்தல். மொத்தப் புள்ளி 12. நோர்வேயில் இதற்குத் தரவு உண்டு. துரொண்டெலாக் மாநிலத்தில் 1984 முதல் நடந்துவரும் மக்கள் நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று, 70 வயதைக் கடந்தோரை இதே முறையில் அளந்தது. துரொம்சோ ஆய்விலிருந்து 40 வயது முதலானோருக்கான ஒப்பீட்டு மதிப்புகளை அஸ்ட்ரிட் பெர்க்லண்ட், பியோர்ன் ஹைன ஸ்ட்ராண்ட் இருவரும் 2019இல் வெளியிட்டார்கள்.

1991இல் வந்தது எழுந்து நடக்கும் சோதனை. கதிரையில் இருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரம். 12 செக்கனோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பைக் கவனிக்கும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. கவனமாகப் பாருங்கள், அந்தச் சோதனையின் உயிர் திரும்பும் இடத்தில் இருக்கிறது. நேராக நன்றாக நடப்பவர் திரும்பும்போது நாலைந்து சிற்றடி வைத்துச் சுற்றினால் அது கடிகாரத்தில் முழுதாகத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2002இல் அவுஸ்திரேலியாவில் டைற், டெம்பிள் இருவரும் வெளியிட்ட நான்கு கட்டச் சோதனை. நான்கு கைத்தடிகளைக் கூட்டல் குறிபோலத் தரையில் வைத்தால் நான்கு கட்டம் கிடைக்கும். முகம் எப்போதும் முன்னோக்கியே இருக்க, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பாதமும் பட, தடியை மிதிக்காமல் வலமாக ஒரு சுற்று, உடனே இடமாக ஒரு சுற்று. முன்னால், பக்கத்தில், பின்னால் என்று எல்லாத் திசையிலும் கால் எடுத்து வைக்கவேண்டும், வரிசையையும் நினைவில் வைக்கவேண்டும். 15 செக்கனுக்கு மேல் எடுத்தவர்களிடையே அடிக்கடி விழுவோர் அதிகம் இருந்தார்கள். ஊரில் கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்கவே தேவையில்லை. கோட்டைக் கடக்கும் காலும், எந்தப் பக்கம் பாய்வது என்று கணக்குப் போடும் தலையும் ஒன்றாக வேலை செய்யும் அதே ஆட்டம்தான், எதிராளி இல்லாமல். ஆனால் இதைத் தனியாக யாரும் செய்துபார்க்கவேண்டாம். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

5. யாருடைய அட்டவணை?

என் வாதத்தின் நடுப்பகுதி இதுதான்.

தசைத் தளர்வைக் கண்டறிய ஐரோப்பிய அறிஞர் குழு 2019இல் வெளியிட்ட எல்லைகள் இவை: ஆணின் கைப்பிடி வலு 27 கிலோவுக்குக் கீழ், நடை வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர் அல்லது அதற்குக் கீழ், ஐந்து முறை எழுந்து அமர 15 செக்கனுக்கு மேல். ஆசிய அறிஞர் குழு அதே 2019இல் வகுத்த எல்லைகள் வேறு: கைப்பிடி 28 கிலோவுக்குக் கீழ், நடை வேகம் 1.0 மீற்றருக்குக் கீழ், எழுந்து அமர 12 செக்கன் அல்லது அதற்கு மேல்.

இப்போது ஒரு தமிழ் ஐயாவைக் கற்பனை செய்யுங்கள். கைப்பிடி 27.5 கிலோ, நடை வேகம் 0.9 மீற்றர், எழுந்து அமர 13 செக்கன். ஐரோப்பிய அட்டவணையில் மூன்றிலும் நலம். ஆசிய அட்டவணையில் மூன்றிலும் தளர்வு. ஆள் ஒருவர், நாள் ஒன்று, கதிரை ஒன்று. ஒஸ்லோவில் இருக்கும் அவரை எந்த அட்டவணையில் வைப்பது? இதற்கு அறிவியல் இன்னும் முடிவான விடை தரவில்லை. நம்மவரை அளந்த பெரிய ஆய்வு என்றால் இந்தியாவில் 2017, 2018 ஆண்டுகளில் 45 வயதைக் கடந்த 72,000க்கும் அதிகமானோரிடம் முதல் சுற்று நடத்திய நெடுங்கால முதுமை ஆய்வு. கைப்பிடி, சமநிலை, நடை வேகம் மூன்றும் அதில் உண்டு, தமிழ்நாடும் அதில் உண்டு. ஆனால் மதுரையில் வாழும் ஒருவரின் வாழ்க்கையும், பின்மார்க்கில் நின்று மீன் வெட்டிப் பியோர்ண்டாலில் ஓய்வு பெற்றவரின் வாழ்க்கையும் ஒன்றல்ல.

மொழியும் குறுக்கே வரும். நோர்வேயில் 80 வயதுக்குப் பிறகு வாகனம் ஓட்ட வைத்தியச் சான்று வேண்டும். 2019 வரை இந்த வயது 75 ஆக இருந்தது. வைத்தியர்கள் இந்தச் சான்றுக்காகப் பயன்படுத்தி வந்த சோதனைகளுள் ஒன்று எண்ணையும் இலத்தீன் எழுத்தையும் மாறிமாறிக் கோட்டால் இணைப்பது. தமிழில் படித்து, அந்நிய எழுத்தின் வரிசையை வளர்ந்தபின் கற்ற ஒருவருக்கு அதில் ஆகும் தாமதம் முழுவதும் மூளையின் தளர்வு இல்லை. இதை உணர்ந்துதான் பலமொழி மக்கள் வாழும் சிட்னியில் 2004இல் ருடாஸ் என்ற நினைவாற்றல் சோதனையை உருவாக்கினார்கள். அது நோர்வேயிலும் பயன்பாட்டில் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறலாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொதுத்துறையின் கடமை, பிள்ளைகளை அந்த வேலைக்கு இருத்துவது கூடாது. பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் ஐயா "எல்லாம் சரி" என்றுதான் சொல்வார்.

இந்த எல்லாச் சிக்கலையும் ஒரே அடியில் கடக்கும் வழி, ஒருவரை அவரோடே ஒப்பிடுவது. சென்ற ஆண்டும் அவருக்கு அதே மொழி, அதே உயரம், அதே கல்வி. மாறியது உடல் மட்டும். எவ்வளவு மாறினால் கவலைப்படவேண்டும் என்பதற்கும் ஆய்வு உண்டு. நடை வேகத்தில் செக்கனுக்கு 0.1 மீற்றர் குறைவது பொருளுள்ள வீழ்ச்சி. மேலே சொன்ன 12 புள்ளித் தொகுப்பில் ஒரு புள்ளி குறைவதும் அப்படியே. அட்டவணைப்படி இன்னும் "நலம்" என்று நிற்பவரிடமும் இந்த வீழ்ச்சி தெரியும். 1.3 மீற்றர் வேகத்தில் நடந்த ஓர் அம்மா ஓராண்டில் 1.1க்கு வந்தால் எந்த அட்டவணையும் அவரைக் கவனிக்காது. அவருடைய குறிப்பேடு கவனிக்கும்.

6. வீழ்ச்சி தெரிந்தால் எங்கே தேடுவது?

வேகம் குறைவதை எல்லோரும் "வயசு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த ஒரு சொல்தான். வயதால் வரும் குறைவு மெதுவானது, சீரானது. சில மாதங்களுக்குள் சட்டென்று இறங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கும், பெரும்பாலும் திருத்தக்கூடிய காரணம்.

நம்மவரிடையே நீரிழிவு மிகுதி. ஒஸ்லோவில் நடந்த ஆய்வுகள் தெற்காசியரிடம் இதைத் திரும்பத்திரும்பக் காட்டியிருக்கின்றன. நீண்டநாள் நீரிழிவு உள்ளங்காலின் உணர்வை மழுக்கும். தரை நழுவுகிறது என்ற செய்தியே மூளைக்குத் தாமதமாகப் போகும். அந்த நோய்க்குக் கொடுக்கும் மெற்போர்மின் குளிசை நீண்டகாலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையக்கூடும். மரக்கறி மட்டும் உண்போருக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். பி12 குறைந்தால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே மங்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் குறை இது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் துலங்கல் மந்தமாகும். தூக்கக் குளிசை, ஒவ்வாமைக் குளிசை சில, எழுந்தவுடன் இரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்துகள் ஆகியனவும் வேகத்தைத் தின்னும்.

விற்றமின் டியும் இருக்கிறது. 2002இல் நடந்த ஒஸ்லோ குடிவரவாளர் நல ஆய்வில் இலங்கையரும் ஒரு பிரிவு. அதன் தொடர்ச்சியாக 2008இல் வெளிவந்த ஒப்பீட்டில், நோர்வேயில் வாழும் இலங்கையரின் இரத்தத்தில் விற்றமின் டி, இலங்கையில் வாழ்வோரைவிட மிகக் குறைவாக இருந்தது. எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்து இது. மீனெண்ணெய் இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. மரக்கறி உண்போருக்கு மாற்றும் உண்டு, வைத்தியரைக் கேளுங்கள்.

7. அளக்கும் ஒழுங்கு

என்னோடு என்னை ஒப்பிடுவது என்றால் அளக்கும் முறை மாறக்கூடாது. அதே கதிரை, அதே உயரம். அதே சப்பாத்து, இல்லையென்றால் இரண்டு முறையும் வெறுங்கால். சென்ற முறை சேலையில் நடந்தவர் இந்த முறையும் சேலையில் நடக்கட்டும். ஒருநாள் காலை என்றால் எப்போதும் காலை. குளிரிலிருந்து உள்ளே வந்தவுடன் கையை அளக்காதீர்கள். தோல் ஒரு பாகை குளிர்ந்தால் நரம்பின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் குறையும். ஜனவரியில் அப்படி அளந்த எண்ணை ஜூலையோடு ஒப்பிட்டால் கிடைப்பது ஒஸ்லோவின் காலநிலை.

கையின் துலங்கலுக்கு ஓர் அடிமட்டம் போதும். ஒருவர் அடிமட்டத்தின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட, மற்றவர் மேசையில் முழங்கையை ஊன்றி, சுழியத்தின் இரு பக்கமும் விரலை விரித்து வைத்திருக்கவேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்கவேண்டும். 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.175 செக்கன், 20இல் 0.202, 25இல் 0.226, 30இல் 0.247. விழும் பொருளின் விதியிலிருந்து நேரே வரும் எண்கள் இவை. சிலமுறை பழகவிட்டு, பத்து முறை பிடித்து, நடு எண்ணையும் மிக மோசமான எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நீண்ட அடிமட்டம் வைத்துக்கொள்ளுங்கள், 30க்குள் பிடிக்காதோர் இருப்பார்கள். கைபேசிச் செயலிகளும் உண்டு. அவற்றின் திரையும் தொடுகையும் தம் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதால், கைபேசியை மாற்றினால் பழைய எண் பயன்படாது.

இன்னொன்று. அளக்க அழைத்தால் நம் அம்மாமார் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரைகிறார்கள், முடியாமல் போனால் கூசிப்போகிறார்கள். "நீங்கள் கடைக்குப் போகும் நடையில் நடவுங்கோ" என்று சொல்லவேண்டும். நடை வேகம் எடுக்கும்போது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு மீற்றர் கூடுதலாக விட்டு, நடுவில் உள்ள நான்கு மீற்றரை மட்டும் அளக்கவேண்டும்.

8. இழந்த வேகம் திரும்புமா?

கணிசமாகத் திரும்பும். உடற்பயிற்சி விழுகையின் விகிதத்தை 23 விழுக்காடு குறைக்கிறது என்பது 2019இல் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. கால் எடுத்து வைக்கும் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் விழுகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதாவது திடீரென்று, பல திசையில், தெரிவு செய்து கால் வைக்கும் பயிற்சி. வெறுமனே நேராக நடப்பது நல்லது, ஆனால் இந்த வேலையைச் செய்யாது. நான்கு கட்டச் சோதனையையே துணையோடு பயிற்சியாகவும் செய்யலாம்.

இங்கே பிள்ளைகளிடம் ஒன்று சொல்லவேண்டும். "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று நாம் அன்பாகச் சொல்கிறோம். ஒரு நாளில் இருபது முறை எழும்பி இருந்த கால், அந்த அன்பினால் ஐந்து முறை மட்டும் எழும்புகிறது. மூன்று ஆண்டில் அந்தக் காலுக்கு எழும்பும் வேகம் போய்விடுகிறது. தண்ணீரை அவர்களே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இந்தச் சமூகத்தில் பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், விளையாட்டுக் கழகம் எல்லாம் மண்டபங்களோடு இயங்குகின்றன. ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் நான்கு மீற்றர் நாடா, ஒரு கதிரை, நான்கு தடி, ஓர் அடிமட்டம், தாங்கிப் பிடிக்க இளைஞர் இருவர் இருந்தால் அளவை நாள் நடத்தலாம். மருத்துவமும் இயன்முறை மருத்துவமும் படித்த நம் பிள்ளைகள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். இந்த அறக்கட்டளை அதை முதலில் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்கவேண்டாம். அறுபதைக் கடந்த ஒவ்வொருவரும் குளிர் தொடங்குமுன் இந்த அக்டோபரிலேயே நடை வேகம், எழுந்து அமரும் நேரம், நான்கு கட்டத்தின் நேரம் ஆகிய மூன்று எண்களை நாளோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஏப்ரலில் மறுபடி எழுதுங்கள். அந்தக் கொப்பியை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.